சீரியல் பேசவில்லை என்றால் எங்கிருந்து தேடுவது

எங்கள் ஊர் கடைமடை. திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே போனால் வரும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, எத்தனையோ மதகுகளைத் தாண்டி எங்களிடம் வந்து சேர வேண்டும். வராத நாளில் வயலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். இந்த மதகு வரை தண்ணீர் இருக்கிறதா? இருக்கிறது. அடுத்த மதகில்? இல்லை. அப்படியானால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப்பில் சீரியல், அதாவது கம்பி வழியாக எழுத்துகளை வரிசையாக அனுப்பி வாங்கும் பேச்சு, வேலை செய்யாதபோது தேட வேண்டிய முறையும் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பள்ளி, பாலிடெக்னிக் பிள்ளைகள் சிலர் ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டோடு வந்து உட்காருவார்கள். மோட்டார் ஓடினால் எஸ்எம்எஸ் அனுப்புவது, முறைத் தண்ணீர் நடுராத்திரியில் வாய்க்காலுக்கு வந்தால் தெரியப்படுத்துவது என்று எல்லாமே நம் வயலுக்குத் தேவையான வேலைகள். அதில் மிக அதிகமாக நேரம் தின்பது சீரியல்தான். "அண்ணா, கோடு சரியாத்தான் இருக்கு, ஒண்ணுமே வரலண்ணா" என்று வருகிறவர்களிடம் நான் கோடை, அதாவது அவர்கள் எழுதிய நிரலை, கேட்பதே இல்லை. எது வரை வருகிறது என்றுதான் கேட்பேன்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மாட்யூல் (சென்சார், ஜிபிஎஸ் போன்ற சிறு துணைப் போர்டு) கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வாங்க வேண்டுமென்றால் தஞ்சாவூரோ திருச்சியோ போக வேண்டும், இல்லையென்றால் தபாலில் வரும்வரை நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். அதனால் கையில் இருக்கிற ஒரு ஊனோ (ஆர்டுயினோவில் ஒரு வகை) போர்டு, இரண்டு மூன்று ஜம்பர் வயர், ஒரு சாதாரண மல்டிமீட்டர் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிற வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

கம்பிக்குள் என்ன ஓடுகிறது

இதை ஐந்து நிமிடம் புரிந்துகொண்டால் பிறகு ஐந்து நாள் மிச்சம். சீரியலில் ஒரு எழுத்து என்பது ஒரே கம்பியில் வரிசையாகப் போகும் எட்டு பிட், அதாவது எட்டு ஒன்று-பூஜ்யங்கள். சும்மா இருக்கும்போது கம்பி மேல் மட்டத்திலேயே, அதாவது 5 வோல்ட்டிலோ 3.3 வோல்ட்டிலோ நிற்கும். எழுத்து வரப்போகிறது என்றால் ஒரு பிட் நேரம் பூஜ்யத்துக்கு இறங்கும். அது ஸ்டார்ட் பிட். பிறகு எட்டு பிட், சின்ன மதிப்புள்ள பிட் முதலில். கடைசியில் மறுபடி மேலே ஏறி ஸ்டாப் பிட். ஆக ஒரு எழுத்துக்குப் பத்து பிட். 9600 பாட் ரேட் என்றால் நொடிக்கு 9600 பிட், அதாவது 960 எழுத்து. ஒரு பிட்டின் நேரம் சுமார் 104 மைக்ரோ நொடி.

இதில் கவனிக்க வேண்டியது, தாளம் போட்டுக் காட்ட தனிக் கம்பி எதுவும் இல்லை. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தங்கள் தங்கள் கடிகாரத்தை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். ஸ்டார்ட் பிட் இறங்கிய நொடியில் வாங்குகிறவர் தன் கணக்கைத் தொடங்குவார், பத்தாவது பிட் வரை அதையே பிடித்துக்கொண்டு போவார். இரண்டு கடிகாரத்துக்கும் நூற்றுக்கு நாலைந்து பங்கு வித்தியாசம் வந்துவிட்டாலே கடைசி பிட்டுகளில் தடம் மாறிவிடும். குப்பை எழுத்து வருவதற்கான காரணங்களில் பாதி இந்த ஒரு பத்தியிலேயே அடங்கிவிடும்.

முதல் மதகு: கணினிக்குப் போர்டு தெரிகிறதா

போர்டைச் செருகினால் கணினியில் புதிதாக ஒரு போர்ட் தோன்ற வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகி எடுத்துப் பாருங்கள், காம்3, காம்5 என்று ஒன்று வந்து வந்து போக வேண்டும். எதுவுமே அசையவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிள்களில் டேட்டாவுக்கான இரண்டு கம்பியே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு எதுவும் தெரியாது. நானே ஒரு முறை டவுனில் வாங்கிய அப்படி ஒரு கேபிளோடு ஒரு மாலை முழுக்கப் போராடியிருக்கிறேன். போனிலிருந்து கணினிக்குப் படம் ஏற்றப் பயன்படுகிற கேபிள் என்றால் அது நிச்சயம் டேட்டா கேபிள்தான், அதை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கேபிள் நல்லது, ஆனால் பெயர் தெரியாத சாதனம் என்று மஞ்சள் குறியோடு வருகிறது என்றால் டிரைவர் இல்லை. விலை குறைந்த ஊனோ, நானோ போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப்தான் இருக்கும், அதன் டிரைவரைப் போட்டால் சரியாகும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒரு முறை வெளியேறி உள்ளே வர வேண்டும். உபுண்டு 22.04-இல் இன்னொன்றும் உண்டு. பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 போர்டைத் தனக்குரியது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்தால் காரணம் அதுதான். உங்களுக்கு பிரெய்ல் கருவி தேவையில்லை என்றால் அந்த நிரலை நீக்கிவிடலாம்.

போர்ட் தெரிகிறது, ஆனால் கோடு ஏற மறுக்கிறது, "நாட் இன் சிங்க்" என்று திட்டுகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஊனோவின் 0, 1 பின்கள்தான் யூஎஸ்பி பாதையும். அங்கே ஜிபிஎஸ், ப்ளூடூத் என்று எதையாவது மாட்டிவைத்திருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போலாகிவிடும். கழற்றிவிட்டு ஏற்றுங்கள். நானோ என்றால் ப்ராசசர் பட்டியலில் ஓல்டு பூட்லோடர் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பூட்லோடர் என்பது கோடை வாங்கி ஏற்றும் சிறு நிரல். பழைய பூட்லோடர் 57600-இல் பேசும், புதியது 115200-இல். அப்புறம், ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்துக்கொள்ள முடியும். வேறு ஜன்னலில் சீரியல் மானிட்டர் (போர்டோடு எழுத்துகளை அனுப்பி வாங்கும் கணினித் திரை) திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது மதகு: சொன்னது திரும்பி வருகிறதா

இந்தச் சோதனைக்கு லூப்பேக் என்று பெயர். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைப்போல மலிவானதும் தெளிவானதும் வேறில்லை.

ஊனோவின் ரீசெட் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு (ஜிஎன்டி என்று எழுதியிருக்கும் பின்) ஒரு வயர் போடுங்கள். இப்போது போர்டில் உங்கள் கோடை ஓட்டும் ஏடிமெகா சிப் தூங்கிவிட்டது, யூஎஸ்பி சிப் மட்டும் விழித்திருக்கிறது. அடுத்து 0 பின்னையும் 1 பின்னையும் ஒரு வயரால் இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து "வணக்கம்" என்றோ வெறும் எண்களையோ அடித்து அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே கீழே தோன்ற வேண்டும். தோன்றினால் கணினி, கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப் நான்கும் நல்லவை. இனி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். தோன்றாவிட்டால் உங்கள் கோடிலோ சென்சாரிலோ தேட வேண்டியதில்லை, பழுது மேலேயே இருக்கிறது. இந்தச் சோதனையில் பாட் ரேட் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, பேசுவதும் கேட்பதும் ஒரே சிப்தானே.

இரண்டு வயரையும் எடுத்துவிட்டு, வந்த எழுத்தைத் திருப்பி அனுப்புகிற நாலு வரி நிரல் ஒன்றை ஏற்றுங்கள். மறுபடி அடித்துப் பாருங்கள். திரும்பி வந்தால் ஏடிமெகாவும் நலம்.

இனி மறுமுனை. சென்சாரோ ஜிபிஎஸ்ஸோ உண்மையில் எதையாவது சொல்கிறதா? மறுபடி ரீசெட்டைக் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். இப்போது ஊனோ வெறும் யூஎஸ்பி மாற்றி. ஜிபிஎஸ் மாட்யூலின் டிஎக்ஸ்-ஐ (அனுப்பும் பின்) ஊனோவின் 1 என்ற பின்னோடு, அதாவது டிஎக்ஸ் என்றே எழுதியிருக்கும் பின்னோடு நேராக இணையுங்கள். இங்கே குறுக்கே மாற்றக் கூடாது. அந்தப் பெயர்கள் தூங்குகிற ஏடிமெகாவின் பார்வையில் எழுதப்பட்டவை, நாம் இப்போது பேசுவது யூஎஸ்பி சிப்பிடம். கிரவுண்டையும் சேருங்கள். மானிட்டரில் 9600 வைத்தால், டாலர் குறியில் தொடங்கும் வரிகள் நொடிக்கு ஒரு கொத்தாக வரும். வானம் தெரியாத அறைக்குள்ளும் காலி மதிப்புகளோடு வரிகள் வரவே செய்யும். வந்தால் மாட்யூல் நல்லது. பழுது நடுவில் இருக்கும் இரண்டு மூன்று கம்பியிலோ உங்கள் கோடிலோதான்.

மூன்றாவது மதகு: கம்பிகள்

இங்கே மூன்று விதிகள். ஒருவரின் டிஎக்ஸ் மற்றவரின் ஆர்எக்ஸ்-க்கு (வாங்கும் பின்) போக வேண்டும். இருவரின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இருவரின் வோல்ட்டேஜும் ஒத்துப்போக வேண்டும்.

முதலாவதை எல்லோரும் அறிவார்கள், எல்லோரும் ஒரு முறையாவது தவறுவார்கள். சில மாட்யூல்களில் டிஎக்ஸ் என்று எழுதியிருப்பது "உன் டிஎக்ஸ்-ஐ இங்கே கொண்டு வா" என்ற பொருளில் இருக்கும். ஐயம் வந்தால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கம்பி மாட்டாத நிலையில் அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது அசையாமல் 3.3 அல்லது 5 வோல்ட் காட்டுகிற பின் பெரும்பாலும் டிஎக்ஸ். உங்கள் போர்டின் டிஎக்ஸ் பூஜ்யம் காட்டுகிறது என்றால் தவறான பின்னைப் பார்க்கிறீர்கள், அல்லது கோடில் சீரியலைத் தொடங்கும் வரியே ஓடவில்லை.

கிரவுண்டை மறப்பது இதைவிட மோசம், ஏனென்றால் அது முழுதாகக் கெடுக்காது. சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. போர்டைக் கையால் தொட்டால் வரும், விட்டால் போகும். மடிக்கணினியை சார்ஜரில் போட்டால் ஒரு மாதிரி, எடுத்தால் வேறு மாதிரி. இப்படி ஆள் பார்த்துப் பேசுகிற சீரியலைக் கண்டால் உடனே கிரவுண்டைத் தேடுங்கள். சென்சாருக்குத் தனி அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். மின்சாரம் வேறு வேறு இடத்திலிருந்து வரட்டும், ஆனால் கிரவுண்டு ஒன்றாகச் சேர்ந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, வோல்ட்டேஜ். ஊனோ 5 வோல்ட்காரர். இஎஸ்பி32, இஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டுகள், பல ஜிபிஎஸ், சிம் மாட்யூல்கள் 3.3 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. 3.3 வோல்ட் டிஎக்ஸ்-ஐ ஊனோவின் ஆர்எக்ஸ்-க்கு நேராகக் கொடுக்கலாம். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா 3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். எதிர்த்திசையில் மட்டும் நேராகக் கொடுக்காதீர்கள். ஊனோவின் டிஎக்ஸ்-லிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட் கிடைக்கும். அதை மாட்யூலின் ஆர்எக்ஸ்-க்குக் கொடுங்கள். 2 கிலோ ஓம் இல்லையென்றால் இரண்டு 1 கிலோ ஓமை வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். "நேரா குடுத்தும் ஓடுதேண்ணா" என்பார்கள். ஓடும். எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியாது.

மீட்டரை வைத்தே இன்னொரு சோதனை செய்யலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆங்கிலப் பெரிய எழுத்து யூ-வை இடைவெளி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு நிரல் எழுதுங்கள். அந்த எழுத்தின் எண் 85. இரும எண்ணாக எழுதினால் 01010101. ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் இரண்டையும் சேர்த்தால் கம்பியில் மேல், கீழ், மேல், கீழ் என்று ஒரே சீரான அலை ஓடும். மீட்டரில் டிசி அளந்தால் பாதி வோல்ட்டேஜ், சுமார் 2.5 காட்டும். ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி உங்கள் மீட்டரில் இருந்தால், பாட் ரேட்டில் சரிபாதி காட்ட வேண்டும். 9600 என்றால் 4800 ஹெர்ட்ஸ். 2400 காட்டினால் போர்டு உண்மையில் 4800-இல்தான் பேசிக்கொண்டிருக்கிறது. கம்பியின் மறுமுனையிலும் இதையே அளந்து பார்த்தால் அலை அங்கு வரை போய்ச் சேர்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

குப்பையைப் படிக்கப் பழகுங்கள்

ஒன்றுமே வராததைவிடக் குப்பை வருவது எவ்வளவோ மேல். கம்பி இருக்கிறது, யாரோ பேசுகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. குப்பையிலும் பல வகை உண்டு.

திருப்பிப் போட்ட கேள்விக்குறிகளும் கட்டங்களுமாக ஆரம்பத்திலிருந்தே வந்தால் பாட் ரேட் பொருந்தவில்லை. மானிட்டரில் 9600, 115200, 57600, 38400, 4800 என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கோடில் ஒரு எண், மானிட்டரில் வேறு எண் என்பதுதான் புதியவர்களிடம் நான் மிக அதிகம் பார்க்கும் தவறு.

கோடில் 9600 என்று எழுதியிருக்கிறது, ஆனால் மானிட்டரில் 4800 வைத்தால்தான் படிக்க முடிகிறது என்றால் போர்டின் கடிகாரத்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள். ப்ரோ மினி என்ற சிறு ஆர்டுயினோ போர்டில் 8 மெகாஹெர்ட்ஸ், 16 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை. 8 போர்டுக்கு 16 என்று தேர்ந்தெடுத்துக் கோடை ஏற்றினால் எல்லாமே பாதி வேகத்தில் ஓடும். சரிபார்க்க எளிய வழி, ஒரு நொடிக்கு ஒரு முறை எல்இடி மின்னும் நிரலைப் போட்டு எண்ணிப் பாருங்கள். இரண்டு நொடிக்கு ஒரு முறை மின்னினால் விடை கிடைத்துவிட்டது.

இஎஸ்பி8266 போர்டில் ரீசெட் அழுத்தியதும் ஒரு வரி குப்பை, பிறகு உங்கள் செய்தி ஒழுங்காக வருகிறது. இது பழுதே இல்லை. அந்த சிப்பின் பூட் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும் என்று கணக்குப் போட்டு 115200-இல் பேச முயல்கிறது, போர்டில் இருப்பதோ 26. 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுங்கள், 74880 வரும். மானிட்டரில் 74880 வைத்து ரீசெட் செய்தால் அந்தக் குப்பை படிக்கக்கூடிய செய்தியாக மாறும். போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தால் அதற்கான காரணத்தின் தடயமும் பெரும்பாலும் அந்த வரிகளில்தான் இருக்கும்.

பெரும்பாலும் சரி, நடுநடுவே ஓர் எழுத்து மட்டும் தப்பு என்றால் இரண்டு பக்கக் கடிகாரமும் எல்லையில் நிற்கின்றன. 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோ 115200-ஐச் சரியாகத் தர முடியாது, அதன் வகுத்தல் கணக்கில் 117647 தான் கிடைக்கும், அதாவது நூற்றுக்கு 2.1 வேகம் கூடுதல். எதிர்ப்பக்கமும் கொஞ்சம் மெதுவாக இருந்துவிட்டால் போதும். 9600-இல் இந்தப் பிழை 0.2-க்கும் கீழ். சாஃப்ட்வேர் சீரியல் (சாதாரண பின்களை நிரலாலேயே சீரியலாக்குவது) பயன்படுத்துகிறவர்கள் 9600-இலேயே நில்லுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அதில் சிப்பே ஒவ்வொரு பிட்டையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நடுவில் சர்வோ, வண்ண எல்இடி வரிசை போன்ற வேறு வேலை குறுக்கிட்டால் எண்ணிக்கை தவறும். இரண்டு சாஃப்ட்வேர் சீரியல் வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும். இரண்டு மூன்று சாதனம் மாட்ட வேண்டுமென்றால் நான்கு சீரியல் உள்ள மெகாவோ, மூன்று உள்ள இஎஸ்பி32-ஓ வாங்கிவிடுவது நிம்மதி.

கடைசி வகை, குப்பை போலத் தெரிகிற நல்ல செய்தி. வாய்க்கால் மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார்கள் சில, எழுத்துகளாக அனுப்பாமல் வெறும் எண் பைட்டுகளாக அனுப்பும். மானிட்டர் அவற்றை எழுத்தாகக் காட்ட முயன்று குழம்பும். நான்கு நான்கு பைட்டாகப் பிரித்துப் பாருங்கள். 255, 3, 32, 34 என்று வந்தால் முதல் 255 தொடக்கக் குறி. தூரம் 3 பெருக்கல் 256 கூட்டல் 32, அதாவது 800 மில்லிமீட்டர். கடைசி 34 சரிபார்ப்பு. முதல் மூன்றையும் கூட்டினால் 290, அதில் 256 போக 34. கூட்டல் ஒத்துப்போகாத நான்கைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். இந்த ஒரு சரிபார்ப்பை எழுதாமல் விட்டால் ஒரு நாள் ராத்திரி பொய்யாக எஸ்எம்எஸ் வந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்பீர்கள்.

கோடில் ஒளிந்திருப்பவை

வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பது அடுத்த கட்டம். 1 அடித்தால் ரிலேயை, அதாவது மின்சார சுவிட்சை, போட வேண்டும், 0 அடித்தால் நிறுத்த வேண்டும். ஒரு பிள்ளை எழுதியிருந்தது, வந்தது 1-க்குச் சமமா என்று. சமமாகவே ஆகாது. விசைப்பலகையில் அடிக்கிற 1 ஓர் எழுத்து, அதன் எண் 49. ஒற்றை மேற்கோளுக்குள் 1 என்று எழுதினால்தான் ஒப்பிட முடியும்.

அதைத் திருத்தியதும் ரிலே "டிக் டிக்" என்று போட்ட வேகத்திலேயே விழுந்தது. 1 வந்தால் போடு, வேறு எது வந்தாலும் நிறுத்து என்று எழுதியிருந்தது. மானிட்டரில் நியூ லைன் தேர்ந்தெடுத்திருந்ததால் 1-க்குப் பின்னாலேயே கண்ணுக்குத் தெரியாத 10 என்ற வரிமுடிவு எழுத்தும் போய், அது ரிலேயை நிறுத்திவிட்டது. வந்த ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள், இந்த மாதிரி ஆட்கள் எல்லாம் வெளியே வந்துவிடுவார்கள்.

சிம்800எல் போன்ற எஸ்எம்எஸ் மாட்யூலிலோ நேர் எதிரான சிக்கல். ஏடி என்று அனுப்பினால் ஓகே என்று பதில் வர வேண்டும். வரிமுடிவே அனுப்பாவிட்டால் நீங்கள் அடித்த ஏடி மட்டும் எதிரொலித்துவிட்டு மௌனமாக இருக்கும். மானிட்டரில் போத் என்எல் அண்ட் சிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே மாட்யூல் பதில் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் நேரத்தில் செத்துப்போனால் சீரியலைக் குறை சொல்லாதீர்கள். டவரோடு பேசும் கணங்களில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும், ஊனோவின் எந்தப் பின்னிலிருந்தும் அதைக் கொடுக்க முடியாது. 3.4-லிருந்து 4.4 வோல்ட்டுக்குள் தனி மின்சாரம், பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. இன்னொன்று, அது 2ஜி மாட்யூல். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் போட்டால் எவ்வளவு சரியாக வயர் மாட்டினாலும் நெட்வொர்க் வராது.

செய்தியின் வால் அறுந்து வருகிறதா? ஊனோவின் வரவுப் பெட்டியில் 64 பைட்டுக்குத்தான் இடம். 9600-இல் அது சுமார் 67 மில்லி நொடியில் நிரம்பிவிடும். கோடில் ஒரு நொடி டிலே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு மேல் வந்ததெல்லாம் வடிகாலில் போய்விடும். டிலேயை எடுத்துவிட்டு மில்லிஸ் (ஓடிய மில்லி நொடிகளைச் சொல்லும் கட்டளை) வைத்து நேரம் பாருங்கள், சுற்றுக்கு ஒரு முறை வரவை வாரி எடுத்துவிடுங்கள்.

செட்டப் பகுதியில் "தொடங்கியது" என்ற பொருளில் ஒரு வார்த்தை அச்சிட வைப்பது நல்ல பழக்கம். மானிட்டரைத் திறக்கும்போது ஊனோ ஒரு முறை ரீசெட் ஆவது இயல்பு, அதனால் அப்போது ஒரு முறை வரும். நடுவில் திரும்பத் திரும்ப வந்தால் போர்டு விழுந்து விழுந்து எழுகிறது, மின்சாரத்தைப் பாருங்கள்.

வயலில் மட்டும் வருகிற பழுது

எங்கள் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகையில் போர்டு, நாற்பது மீட்டர் தள்ளி வாய்க்கால் மேல் சென்சார். வீட்டில் மேசை மேல் வைத்துப் பார்த்தபோது ஒரு பைட் கூடத் தப்பவில்லை. வயலில் மாட்டியதும் சில நேரம் நன்றாக வரும், சில நேரம் முழுக்கக் குப்பை. நான் பாட் ரேட்டை மாற்றினேன், கோடில் சேர்த்திருந்த லைப்ரரியை மாற்றினேன், கோடை முதலிலிருந்து எழுதினேன். இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் குப்பை வரும் நேரங்களைத் தாளில் குறித்தேன். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓடும் நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தது. நான் சென்சார் வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்து ஒரே கிளிப்பில் அடித்திருந்தேன்.

போர்டிலிருந்து வரும் சாதாரண சீரியல் ஒன்றிரண்டு மீட்டருக்கு ஆனது. நாற்பது மீட்டருக்கு ஆர்எஸ்485 வேண்டும். இரு முனையிலும் ஒரு மேக்ஸ்485 மாட்யூல், நடுவில் முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பி. ஒரு கம்பி ஏறும்போது மற்றது இறங்கும், வாங்குகிறவர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பார். மோட்டாரின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறுவதால் வித்தியாசம் கெடாது. குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். பழைய நெட்வொர்க் கேபிள் கிடைத்தால் அதுவே போதும். ஒரு ஜோடி ஏ, பி-க்கு, இன்னொரு ஜோடி கிரவுண்டுக்கு. ஒன்றுமே வரவில்லை என்றால் ஏ, பி இரண்டையும் மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைக்கிறார்கள், மாற்றுவதால் எதுவும் எரியாது. செய்தியின் கடைசி எழுத்துகள் மட்டும் காணாமல் போனால், அனுப்பி முடிப்பதற்குள் மேக்ஸ்485-இன் அனுப்பும் பின்னைக் கீழே இறக்கிவிடுகிறீர்கள். ஃப்ளஷ் வரியைப் போட்டு, கடைசி பிட் போகும்வரை காத்திருந்து இறக்குங்கள். நீளமான தடத்தின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், பல மாட்யூல்களில் அது ஏற்கெனவே இருக்கும்.

வயரை மோட்டார் கேபிளிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் கொண்டு போங்கள், குறுக்கே கடக்க வேண்டுமென்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, அது ஒயர்மேன் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது நீள வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்றில் ஜம்பர் வயரின் ஊசிகள் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். மேலே பார்த்தால் மாட்டியிருப்பது போலத்தான் இருக்கும், உள்ளே தொடர்பு இருக்காது. மீட்டரைப் பீப் ஒலியில் வைத்து முனைக்கு முனை சோதியுங்கள். வயலுக்குப் போகும் எதையும் பிரெட்போர்டில் விடாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள், அல்லது திருகு முனையில் மாட்டி மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும் முன் நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். போர்டு, மாட்யூலின் முழுப் பெயர். இரு பக்கமும் என்ன பாட் ரேட். சும்மா இருக்கும்போது இரண்டு டிஎக்ஸ்-லும் எத்தனை வோல்ட். லூப்பேக்கில் என்ன நடந்தது. கூடவே ஒரு படம், ஒவ்வொரு வயரின் இரண்டு முனையும் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் எடுத்தது. திண்ணைக்கு வருகிற பிள்ளைகளிடம் இந்தப் படத்தை எடுக்கச் சொல்வேன். அதை எடுக்கும்போதே பாதிப் பேர் "இருங்கண்ணா, கிரவுண்டு விட்டுப்போச்சு" என்பார்கள்.